செர்ட்ராலின் 50 மி.கி. மாத்திரை: மனம் தேறியது, முடி கொட்டியது

மனச்சோர்வுக்காக மருத்துவர் எழுதித்தந்த செர்ட்ராலின் மாத்திரையை 2022 ஜூன் தொடங்கி 2023 மே வரை உட்கொண்டேன். இடையில் பதினோரு நாள்கள் நானாகவே அதை நிறுத்திவிட்டுப் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன். திருச்சியில் நான் வழக்கமாகப் போகும் மருந்துக்கடையில் ஒரு மாதம் ஒரு நிறுவனத்தின் அட்டை, அடுத்த மாதம் வேறொன்றின் அட்டை என்று மூன்று தயாரிப்புகள் மாறிமாறிக் கைக்கு வந்தன. மூன்றிலும் மருந்து ஒன்றே. என் உடம்பில் அது நடந்துகொண்ட விதமும் ஒன்றே. ஆகவே இதை ஒரு வணிகப் பெயருக்கான மதிப்புரையாகக் கொள்ளாமல், அந்த மருந்துக்கும் அது நோயாளியின் கைக்கு வந்துசேரும் விதத்துக்குமான மதிப்புரையாகக் கொள்ள வேண்டுகிறேன். நான் வங்கியில் வேலை பார்ப்பவள், மருத்துவம் படித்ததில்லை. படித்துத் தெரிந்துகொண்டதையும் பட்டுத் தெரிந்துகொண்டதையும் வேறுபடுத்தியே எழுத முயன்றிருக்கிறேன்.

செர்ட்ராலின் புதிய மருந்தன்று. ஃபைசர் நிறுவனத்தில் உருவாகி, அமெரிக்காவில் 1991-இல் ஒப்புதல் பெற்றது. நரம்பணுக்களுக்கு இடையே சுரக்கும் செரோடோனின் என்ற வேதிப்பொருளை அவை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளாமல் தடுப்பது இதன் வேலை. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் இந்தியாவில் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. ஒரு மாதத்துக்கான செலவு எனக்கு 300 ரூபாயைத் தாண்டியதில்லை. வயிற்றுப் புண்ணுக்கு அதைவிடக் கூடுதலாகச் செலவழித்திருக்கிறேன்.

முதல் வாரம் 25 மி.கி., பிறகு 50 மி.கி. என்று தொடங்கினார்கள். தொடக்கத்தில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் இருந்தன. பத்துப் பன்னிரண்டு நாள்களில் அடங்கின. இரவில் முதுகு நனையும் அளவுக்கு வியர்த்தது; அது கடைசிவரை நீங்கவில்லை. மருந்தின் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்று மருத்துவர் முன்னரே சொல்லியிருந்தார். அவர் சொன்னபடியே நடந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த வடிவில் நடக்கவில்லை. ஒருநாள் காலையில் திடீரென்று மகிழ்ச்சி பொங்கும் என்று காத்திருந்தேன். அப்படி எதுவும் பொங்கவில்லை. ஐந்தாம் வாரத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, மறுநாள் இட்லிக்கு ஆட்டுவதற்காக அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டிருந்ததைப் பார்த்து, யார் போட்டது என்று ஒரு கணம் யோசித்தேன். நான்தான் போட்டிருந்தேன். அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் சமையல் மேடையில் கிடந்த கழுவாத பாத்திரங்களைப் பார்த்தபடி அரைமணி நேரம் அசையாமல் நின்றவளுக்கு, யாரும் சொல்லாமல் அரிசி ஊறப்போடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்த நிலையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். மருந்தின் முதன்மைப் பணியைப் பொறுத்தவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. இதை முதலிலேயே அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இனி வரும் பகுதியைப் படித்துவிட்டு யாரும் கையிலிருக்கும் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது என்பதே.

பத்தாம் வாரத்தில் முடி கொட்டத் தொடங்கியது. கொட்டுவது என்றால் சீப்பில் நாலைந்து முடி சிக்குவதன்று. தலைக்குக் குளித்தால் குளியலறையின் நீர்வடிகாலில் ஓர் உருண்டை. ஈரம் உலர்ந்ததும் விரல்விட்டுக் கோதினால் இன்னோர் உருண்டை. தலையணையில், சேலை முந்தானையில், வங்கியில் நான் அமரும் நாற்காலியின் முதுகில், ஒருமுறை மதிய உணவு டப்பாவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்த பிறகு உட்கார்ந்து எண்ணினேன். 214 வரை வந்தது. எண்ணியதே நோயின் அறிகுறியோ என்றும் பிறகு தோன்றியது. ஆனாலும் எண்ணிக்கை பொய்யில்லை. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லாருக்கும் இயல்பு என்றும், தலைக்குக் குளிக்கும் நாளில் அது கூடுமென்றும் படித்திருக்கிறேன். எனக்கோ குளிக்காத நாளிலும் நூறைத் தாண்டியது. வழுக்கைத் திட்டு எங்கும் விழவில்லை. தலை முழுவதும் சீராக அடர்த்தி குறைந்து, வகிடு அகன்று, நான்கு சுற்று இறுக்கிய முடிக்கயிறு ஏழு சுற்றுக்குப் போனது.

உதிர்ந்த ஒவ்வொரு முடியின் அடியிலும் வெண்மையாகச் சிறு குமிழ் இருந்தது. வேரோடு வருகிறது, இனி முளைக்காது என்று நடுங்கிப்போனேன். நான் நடுங்கியது தவறு என்பதைப் பின்னர்த் தோல் மருத்துவர் விளக்கினார். தலையிலுள்ள ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகளில் பத்தில் ஒன்பது பங்கு எப்போதும் வளர்நிலையில் இருக்கும். அந்நிலை சில ஆண்டுகள் நீடிக்கும். பிறகு ஓரிரு வாரச் சுருக்கம், அதன்பின் ஏறத்தாழ மூன்று மாத ஓய்வு, அதன் முடிவில் உதிர்வு. ஓய்வு முடிந்து விழும் முடியின் நுனியில்தான் அந்த வெண்குமிழ் இருக்கும். முடியை முளைப்பிக்கும் பை தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பெரும் அதிர்ச்சி, சில மருந்துகள் ஆகியவை வளர்நிலையில் இருக்கும் முடிகளைக் கூட்டமாக ஓய்வுக்குத் தள்ளிவிடும். தள்ளிய அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் ஒருசேர விழும். டெங்குவில் படுத்தெழுந்தவர்களுக்கு மூன்றாம் மாதம் முடி கொட்டுவதும், பிள்ளை பெற்றவளுக்குக் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கும் பருவத்தில் முடி உதிர்வதைக் கண்டு 'குழந்தை சிரிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும்' என்று வீட்டில் சொல்வதும் இதே கணக்குத்தான். டெலோஜென் எஃப்ளூவியம் என்று இதற்குப் பெயர். 1961-இல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இதை விவரித்து எழுதினார். மனச்சோர்வு மருந்து எவ்வாறு முடியை ஓய்வுக்குத் தள்ளுகிறது என்பதற்கு இன்னும் உறுதியான விளக்கம் இல்லை.

எனக்கு எழுந்த கோபம் முடி கொட்டியதால் மட்டும் எழுந்ததன்று. இப்படி நடக்கலாம் என்று எனக்கு யாருமே சொல்லாததால் எழுந்தது. பிரிட்டனில் செர்ட்ராலின் பெட்டிக்குள் நோயாளிக்கென எளிய மொழியில் ஒரு துண்டறிக்கை இருக்கும். அதில் முடி உதிர்தல், 'நூற்றில் ஒருவர் வரை பாதிக்கப்படலாம்' என்ற தொகுதியில் இடம்பெற்றிருக்கிறது. அங்குள்ள மருந்து விதிகளின் சொல்லாட்சியில் இது 'அரிது' என்ற வகையிலும் சேராது. அதற்கு ஒருபடி மேலான 'வழக்கமல்லாதது' என்ற வகை. ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக வருவதைத்தான் அங்கே அரிது என்கிறார்கள். நம் ஊரில் நோயாளி கேட்டால், கேட்டால் மட்டும், 'ரொம்ப ரேர்' என்ற ஒரே சொல்லில் ஆயிரத்தில் ஒன்றும் நூற்றில் ஒன்றும் கலந்துபோகின்றன. மனநல மருந்துகளில் லித்தியமும் வால்ப்ரோயேட்டும் முடியை உதிர்ப்பதில் பெயர்போனவை. மனச்சோர்வு மருந்துகள் அந்த அளவுக்குப் போவதில்லை. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புதிதாக மனச்சோர்வு மருந்து தொடங்கிய பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஒப்பிட்டு, புப்ரோபியானில் முடி உதிரும் வாய்ப்பு அதிகம், பராக்செட்டினில் மிகக் குறைவு என்று கண்டது. செர்ட்ராலின் இரண்டுக்கும் இடையில். இந்த விவரங்களெல்லாம் எனக்குக் கிடைத்தது எட்டாம் மாதத்தில்.

அதுவரை எனக்குக் கிடைத்தவை ஊராரின் விளக்கங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பது வீட்டில் என் கணவருக்கு மட்டுமே தெரியும். இரத்த அழுத்த மாத்திரையைப்போல் அதைச் சாப்பாட்டு மேசையில் வைக்க எனக்குத் துணிவில்லை. சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். மறைத்துச் சாப்பிடும் மாத்திரையின் பக்கவிளைவு எல்லாரும் பார்க்கும்படி உச்சந்தலையில் வந்து உட்கார்ந்தது என்பதுதான் இதில் எனக்கு நேர்ந்த சங்கடத்தின் முழு வடிவம். 'என்னம்மா, சடை எலிவாலு மாதிரி ஆயிடுச்சு?' என்று என் பெரியத்தை ஒரு வளைகாப்பில், பத்துப் பேர் நடுவில் கேட்டார். போர்வெல் தண்ணீர் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். 'உங்க தெருவுக்குக் காவிரித் தண்ணிதானே வருது' என்று உடனே மடக்கினார். திருச்சியில் வசித்துக்கொண்டு உப்புத்தண்ணீர் மேல் பழி போடுவது எளிதன்று. கரிசலாங்கண்ணித் தைலம், வெங்காயச் சாறு, வெந்தயம் என்று அவர் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். தலை வாசனையாக இருந்தது.

அக்டோபரில் நகரின் ஒரு முடிச் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை. குளிரூட்டிய வரவேற்பறை, தலைத்தோலைப் பலமடங்கு பெரிதாக்கித் திரையில் காட்டும் கருவி, வெள்ளைக் கோட்டு அணிந்த ஆலோசகர். அவர் மருத்துவரா என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. திரையில் என் வகிட்டைப் பார்த்து, ஹார்மோன் கோளாறு என்று பத்து நிமிடத்தில் முடிவு செய்தார். என் இரத்தத்தையே எடுத்துப் பிரித்துத் தலையில் ஊசியாகச் செலுத்தும் சிகிச்சை ஆறு அமர்வு, ஒவ்வொன்றும் 5,500 ரூபாய், முன்பணம் கட்டினால் தள்ளுபடி. இரண்டு அமர்வுக்குப் பணம் கட்டினேன். கூடவே பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் தந்தார்கள். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர்கள் நிரப்பச் சொன்ன படிவத்தில் 'தற்போது உட்கொள்ளும் பிற மருந்துகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமையாக விட்டவள் நான். ஆனால் அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தவர், 'எதுவும் சாப்பிடுவதில்லையா?' என்று வாய்விட்டு ஒருமுறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டாம் அமர்வுக்குப் பிறகும் உதிர்வு குறையவில்லை. மீதி நான்குக்கு நான் போகவில்லை.

மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்ற ஐயம் நவம்பரில் எனக்கே வந்தது. உடனே, யாரிடமும் கேட்காமல், மாத்திரையை நிறுத்தினேன். செர்ட்ராலினின் அரை ஆயுள், அதாவது உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 26 மணி நேரம். சில நாள்களில் உடம்பிலிருந்து பெரும்பாலும் வெளியேறிவிடும். மூன்றாம் நாள் தலை சுற்றியது. கண்ணை இடமிருந்து வலமாகத் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் பொறிதட்டுவதுபோல் ஓர் அதிர்வு. பணம் எண்ணிக்கொண்டிருக்கும்போது அது வந்தால் விட்ட இடம் மறந்துபோகும். ஒரு வாரத்தில் தூக்கம் போனது. பத்தாம் நாள் மறுபடியும் அந்தப் பாத்திரங்களுக்கு முன்னால் நின்றேன். பதினோராம் நாள் என் கணவர் என்னை மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனார். அவர் கடிந்துகொள்ளவில்லை. ஒரு தாளில் இரண்டு கோடுகள் போட்டுக் காட்டினார். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அதன் வேதனை மூன்றாம் நாளே வந்துவிடும். முடிக்கு அதனால் ஏதேனும் நன்மை இருந்தால் அது தெரிய மூன்று மாதம் ஆகும், ஏனென்றால் ஏற்கெனவே ஓய்வுக்குப் போன முடி எப்படியும் விழுந்தே தீரும். முடிக்காக மருந்தை நிறுத்துபவர் முடியையும் அந்த வாரம் காப்பாற்ற முடியாது என்று அவர் சொன்னதை, இந்த மருந்தை உட்கொள்ளும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். முதல் சந்திப்பிலேயே முடியைப் பற்றிச் சொல்லாதது தம் பிழை என்றும் அவரே ஒப்புக்கொண்டார். குமட்டலைப் பற்றிச் சொல்வோம், முடியைப் பற்றிச் சொன்னால் பாதிப் பெண்கள் மருந்தைத் தொடவே மாட்டார்கள் என்றார். அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது; ஏற்கத்தான் முடியவில்லை.

அவர் செர்ட்ராலினையே மீண்டும் சிறு அளவில் தொடங்கினார். கொட்டினாலும் பரவாயில்லை, முதலில் நிலைகொள்ள வேண்டும், வேலை செய்த மருந்தை இந்த நிலையில் மாற்றுவது சரியன்று என்பது அவர் முடிவு. கூடவே என்னைத் தோல் மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் ஐம்பது அறுபது முடிகளை விரல்களுக்கிடையே பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார்; எளிதாகக் கழன்று வந்தவற்றை எண்ணினார். மருந்தைச் சந்தேகிக்கும் முன் மற்றவற்றை விலக்க வேண்டும் என்று ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகியவற்றுக்குச் சோதனை எழுதினார். நான் பயோட்டின் எடுப்பதைக் கேட்டதும், அதைச் சில நாள் நிறுத்திவிட்டே இரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். அதிக அளவு பயோட்டின் சில தைராய்டு சோதனைகளின் முடிவைப் பொய்யாக்கிவிடும் என்பதால் அந்த எச்சரிக்கை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2017-இல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. முடிச் சிகிச்சை நிலையத்தில் அந்த மாத்திரையை மிட்டாய்போல் கொடுத்தார்கள். சோதனைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. தலையில் தடவ எதையும் அவர் எழுதவில்லை; காத்திருக்கச் சொன்னார். முந்நூறு ரூபாய் கட்டணத்துக்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை அந்தச் சந்திப்பு.

ஜனவரியில் இடுப்பைத் தொட்ட முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டேன். சவுரி வைத்துப் பின்னிக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மே மாதத்தில், ஐந்து மாதம் சீராக இருந்த பிறகு, மருத்துவர் செர்ட்ராலினைப் படிப்படியாகக் குறைத்து எஸ்சிட்டலோபிராம் என்ற வேறொரு மருந்துக்கு மாற்றினார். இதிலும் கொட்டலாம், கொட்டாமலும் போகலாம் என்று இம்முறை முன்கூட்டியே சொன்னார். ஆகஸ்டில் சீப்பில் முடி குறைந்தது. நவராத்திரி சமயத்தில் நெற்றியோரம் சிறு குழந்தைகளுக்கு இருப்பதுபோல் குட்டை முடிகள் எழுந்து நின்றன. எண்ணெய் தடவினாலும் படியவில்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இதை எழுதும் 2024 ஜூனில் அவை காதுமடலுக்குக் கீழே வந்திருக்கின்றன. செர்ட்ராலின்தான் காரணம் என்று நூற்றுக்கு நூறு உறுதியாகச் சொல்ல முடியாது. மனச்சோர்வே முடியை உதிர்க்கும். இவ்வகை உதிர்வு தானாக ஓய்வதும் உண்டு. ஆனாலும் தொடங்கிய காலமும் நின்ற காலமும் கணக்குக்குப் பொருந்துகின்றன, மற்ற காரணங்கள் விலக்கப்பட்டன. மீண்டும் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தால் இன்னும் உறுதிப்படும் என்று தோல் மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சோதனைக்கு நான் தயாரில்லை.

மருந்துக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண். மறுபடியும் அதே ஜூன் மாதத்தில் நின்றால், முடி கொட்டும் என்று தெரிந்தே அதே மாத்திரையை விழுங்குவேன். ஆனால் முடியை முதல் வாரமே வெட்டிக்கொண்டு, மருத்துவரிடம் பத்தாம் வாரமே சொல்லியிருப்பேன். மருந்து விற்கப்படும் முறைக்கு ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் தர மனம் வரவில்லை. பதினோரு மாதத்தில் ஒருமுறைகூட ஒரு துண்டறிக்கை என் கைக்கு வரவில்லை. பத்து மாத்திரை அட்டையில் ஏழு போதுமென்றால் கத்தரிக்கோலால் வெட்டித் தாள்பையில் போட்டுத் தந்தார்கள்.

அதன் விளைவு எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மருந்துகளின் பக்கவிளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2010 முதல் நடக்கிறது. அதன் தலைமையிடம் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்து நூல் ஆணையம். மருத்துவர் மட்டுமன்றி நோயாளியும் புகார் பதிவு செய்யலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. நோயாளியின் முழுப் பெயரைக்கூடக் கேட்காமல் முதலெழுத்துகளை மட்டும் கேட்கும் படிவம் அது. என்னைப்போல் மறைத்துச் சாப்பிடுபவர்களுக்கு அது பெரிய ஆறுதல். மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள், விளைவு தெரிந்த நாள் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். மருந்தின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) கேட்ட இடத்தில் பேனா நின்றது. அந்த எண் அச்சிட்டிருந்த அட்டை ஓரம் ஒவ்வொரு முறையும் கடைக்காரத் தம்பியின் இழுப்பறையிலேயே தங்கியிருந்தது. இப்போது முழு அட்டையாகவே வாங்குகிறேன். 'ஏழு போதும்னு சீட்டுல இருக்கே, அக்கா' என்பார்; பரவாயில்லை தம்பி, வெட்டாமல் கொடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.